மழைக்கு முந்திய மாதம்: தென்மராட்சியின் புரட்டாதியும் நமது எழுத்தும்

ஈழத்துத் தமிழ்க் கவிதையில் மழை நிறையவே பெய்திருக்கிறது. வெயிலும் போதிய அளவு எரித்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே, ஆவணியின் பிற்கூறில் தொடங்கி ஐப்பசியின் முதற் பெருமழையோடு முடிந்துபோகும் சில வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களை எழுதியவர்கள் மிகச் சிலர். எழுதியவர்களும் அதை ஒரு பருவமாக எழுதவில்லை, மழைக்கான முன்னுரையாகவே எழுதினார்கள். எம். ஏ. நுஃமானின் கவிதைத் தொகுதியொன்றின் பெயர் ‘மழை நாட்கள் வரும்’ (1983). அந்தத் தலைப்பின் கடைசிச் சொல்லில்தான் நான் பேச நினைக்கும் காலம் நிற்கிறது. மழை நாட்கள் இன்னும் வரவில்லை, வரும். அதற்கிடையில் மனிதர் என்ன செய்கிறார்கள், எதில் மகிழ்கிறார்கள்?

இந்தக் கேள்வியைச் சாவகச்சேரியை வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வலிகாமத்தின் செம்மண்ணில் கிணறும் இறைப்பும் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏதோவொரு பயிர் பச்சையாக நிற்கும். தென்மராட்சி அப்படியல்ல. மணற்பாங்கான தரை, தென்னை, பனை, பலா, மா, வானம் பார்த்த வயல். இங்கே பருவம் என்பது கண்ணுக்குத் தெரியும். பலாவும் மாவும் ஓய்ந்த பின்னர், சந்தையில் அவை இருந்த இடம் வெறுமையாகத் தெரியும் மாதம் புரட்டாதி.

முதலில் பெயர்ச் சிக்கல். ஆங்கிலம் படித்த நமது தலைமுறை இந்தக் காலத்தை ‘இலையுதிர் காலம்’ என்று எழுதப் பழகியது. அது மொழிபெயர்ப்பில் வந்த பருவம். புரட்டாதியில் தென்மராட்சியில் எந்த மரமும் பழுத்துச் சிவந்து இலை கொட்டுவதில்லை. மரபுக்குத் திரும்புவோம் என்றால் அங்கும் இடர்தான். ஆவணியும் புரட்டாதியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது இலக்கணம் தந்த கணக்கு. தென்மேல் பருவக்காற்றில் மழை காணும் நிலங்களுக்கு அது பொருந்தும். குடாநாட்டுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் கிடைக்கிறது. நமது ‘கார்’, ஆண்டின் நீண்ட வரட்சியின் வால். கிணற்று நீர்மட்டம் அடியில் கிடக்கும் காலம். சங்கப் பாடலைப் படித்துவிட்டு யாழ்ப்பாணத்துப் புரட்டாதியில் முல்லை பூத்து முகில் இடிப்பதாக எழுதும் கவிஞர்களை நான் நிறையவே வாசித்திருக்கிறேன். அவர்கள் யன்னலைத் திறந்து ஒருமுறை வெளியே பார்த்திருக்கலாம்.

ஆயினும் அந்த மரபிலிருந்து ஒரு நூல் நமக்குப் பயன்படும். முல்லைப் பாடல்களில் ஓர் உத்தி வரும். பிரிந்தவன் குறித்த காலம் வந்துவிட்டது என்று தலைவி கலங்க, தோழி, இது கார் அல்ல, காலமல்லாத காலத்தில் பெய்த வம்ப மாரி, கொன்றை அறியாமல் பூத்துவிட்டது என்று தேற்றுவாள். இதை அழகான பொய் என்றே நமக்குப் படிப்பித்தார்கள். தென்மராட்சி வயற்காரனிடம் கேளுங்கள். ஆவணி, புரட்டாதியில் காய்ந்த மண்ணை உழுது, ஈரமில்லாத புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு அவன் காத்திருக்கிறான். உரிய காலத்தில் மழை விழுந்து தொடர்ந்தால் காலபோகம். ஆனால் புரட்டாதியில் ஒருநாள் பின்னேரம் திடீரென ஓர் அடை மழை கொட்டி, விதை முளைத்து, பின்னர் இரண்டு கிழமை வானம் வெளுத்துப் போனால், அவன் மறுபடியும் விதைநெல் தேட வேண்டும். வம்ப மாரி அவனுக்கு உருவகம் அல்ல, கடன். சங்கக் கவிதையின் ஒரு பழைய உத்தி இங்கே வயிற்றோடு சம்பந்தப்படுகிறது. இந்த இடத்தை எடுத்து எழுதிய ஒரு நவீன கவிதையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, இன்பம் எங்கே இருக்கிறது?

இன்பம் பனையடியில் இருக்கிறது. சோளகக் காற்று தளர்ந்து இரவு அசையாமல் நிற்கும்போது, வளவின் கோடியில் பனம்பழம் ‘தொப்’பென்று விழும் சத்தம். படுக்கையில் கிடந்தபடியே இது எந்தப் பனை என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் இருந்தார்கள். விடியுமுன் டோர்ச் லைட்டோடு ஓடுவதும், மாடு முந்திச் சூப்பிவிட்டதா என்று பார்ப்பதும், சுள்ளி மூட்டிப் பழத்தைச் சுட்டு நாரோடு உறிஞ்சுவதும், கன்னமெல்லாம் மஞ்சளாவதும் இக்காலத்தின் காரியங்கள். பின்னர் பெண்களின் வேலை தொடங்கும். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பாயில் பரவி, ஒரு படை காய மறு படை ஊற்றிப் பினாட்டு ஆக்குவார்கள். மிச்சக் களியோடு மாவும் சீனியும் சேர்த்துப் பனங்காய்ப் பணியாரம் சுடுவார்கள். பினாட்டுக்கு வெயில் வேண்டும். ஐப்பசி மழை முந்திவிட்டால் பாயில் பூஞ்சணம்தான். ஆகவே இந்த இன்பத்துக்குள் ஓர் அவசரம் இருக்கிறது. களி எடுத்த விதைகளை மண்ணைக் கூட்டிப் பாத்தி போட்டு அடுக்குவார்கள். மழை அவற்றை முளைக்க வைக்கும். தை, மாசியில் கிழங்கு. கிடுகு வேலி அடைப்பதும் கூரை பார்ப்பதும் இதே வாரங்களில்தான். கொடிகாமத்துக்கும் வரணிக்கும் சைக்கிளில் போனால் வழிநெடுக மனிதர் ஏதோவொன்றை மழைக்கு முன் முடித்துவிட முயல்வதைக் காணலாம். கிளாலிப் பக்கம் இறங்கினால் கடல்நீரேரி வற்றி விளிம்பில் உப்புப் பூத்திருக்கும். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் செப்டெம்பரிலேயே தலைகாட்டத் தொடங்கிவிடும்.

இதில் ஒன்றையாவது முறையாக இலக்கியமாக்கியவர் என்று நவாலியூர் சோமசுந்தரப் புலவரைத்தான் (1878–1953) சொல்ல முடிகிறது. பனைக்கென்றே ‘தாலவிலாசம்’ செய்தவர் அவர். ஆடிப்பிறப்புப் பாட்டையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்ததில்லை. அவற்றைக் குழந்தைப் பாடல்கள் என்று ஒதுக்கிவிட்டது நமது விமர்சனம். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தோட்டத்தின் காவற்பொம்மையை அதன் வேடிக்கையோடும் வெறுமையோடும் பார்க்கத் தெரிந்த கண், பின்வந்த பல ‘மண்வாசனை’ எழுத்தாளருக்கு இருக்கவில்லை.

புலவரிடம் பருவத்தின் கடிகாரம் பண்டிகை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆடி பிறந்தால் கூழ். அதே முறையில் புரட்டாதிக்குச் சனி விரதமும் நவராத்திரியும் உண்டு. முஸ்லிம் எழுத்தாளனுக்கு அந்த வசதி இல்லை. நமது நாட்கணக்கு சந்திரனோடு போவது. நோன்பு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 2007 இல் நோன்பு புரட்டாதியோடு ஏறத்தாழப் பொருந்தி வந்தது. அடுத்த ஆண்டே விலகத் தொடங்கியது. ஆகவே பருவத்தை எழுத விரும்பும் முஸ்லிம் எழுத்தாளன் பெருநாளைக் கொண்டு அதை அடையாளம் காட்ட முடியாது, காற்றையும் பழத்தையும் மண்ணையும் கொண்டுதான் காட்ட வேண்டும். இதை ஒரு குறையாகப் பலர் எண்ணுகிறார்கள். எனக்கு இது ஒரு சலுகையாகப் படுகிறது.

இனி, இந்த இன்பங்களைப் பற்றி எழுதுவதே ஒரு தப்பித்தல் அல்லவா என்ற கேள்வி. முற்போக்கு விமர்சனம் நமக்குக் கற்பித்த கேள்வி அது. நியாயமானதும்கூட. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பிரசித்தமான வழக்கு இருக்கிறது. கீற்ஸ் தனது இலையுதிர் காலக் கவிதையை எழுதியது 1819 செப்டெம்பர் 19 இல். அதற்கு ஒரு மாதம் முன்னர், ஓகஸ்ட் 16 இல், மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து பத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. கவிதையில் அதன் சுவடே இல்லை. பழம் கனிகிறது, தேனடை நிரம்புகிறது. 1979 இல் ஜெரோம் மக்கான் என்ற விமர்சகர் இந்த மௌனத்தைச் சுட்டிக்காட்டியதிலிருந்து விவாதம் ஓயவில்லை. மௌனமில்லை என்பாரும் உண்டு. அக்கவிதையில் கதிர் பொறுக்கும் உருவம் ஒன்று வருகிறது. அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது ஏழைகளின் சட்ட உரிமையல்ல என்று இங்கிலாந்தின் நீதிமன்றம் 1788 இலேயே தீர்த்துவிட்டது. அப்படியிருக்க அந்த உருவம் வெறும் அலங்காரமா?

இந்த வாதத்தைப் பனையடிக்குக் கொண்டுவந்து பாருங்கள். விழுந்த பழம் யாருடையது? வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தால் ஒரு நியாயம், அந்தப் பக்கம் விழுந்தால் வேறொரு நியாயம். பொறுக்கப் போவது யார், தன் வளவில் பொறுக்க விடுவது யார், மரத்தில் ஏறுவது எந்தச் சாதி? ‘தண்ணீர்’ என்று ஒரு நாவலுக்குப் பெயர் வைத்த கே. டானியல் குடாநாட்டின் எளிய பொருள்களுக்குப் பின்னால் உள்ள அதிகாரத்தைக் கேட்கக் கற்றுத்தந்தவர். அவருடைய கேள்வி பனம்பழத்தின் ருசியைக் குறைத்துவிடாது. அந்த ருசியை வளவுக்காரனின் பிள்ளையிடமிருந்து மட்டும் கேட்காமல், கடகத்தோடு வந்து வேலிக்கு வெளியே நின்றவளிடமும் கேள் என்றுதான் சொல்கிறது. தோட்ட இன்பத்தை எழுதாமல் விடுவது இதற்கு மறுமொழி ஆகாது.

சாவகச்சேரியைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. நமது இடப்பெயர்வுகளின் திகதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள். சரியாக ஐந்தாண்டின் பின், 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து இதே தென்மராட்சிக்குள் வந்தார்கள். 2000 மே மாதம் தென்மராட்சியே போர்க்களமாகி வெறுமையானது. செப்டெம்பரில் இராணுவம் சாவகச்சேரியை மீளக் கைப்பற்றியபோது பட்டினத்தில் முழுதாக நின்ற கட்டடங்கள் சொற்பம். பத்தாண்டுக்குள் மூன்று முறை இந்த நிலத்தின் புரட்டாதியும் ஐப்பசியும் மனிதரின் அழிவோடு பிணைக்கப்பட்டன. ‘ஒக்டோபர்’ என்ற சொல் நமது எழுத்தில் ஒரு மாதமாக இல்லாமல் ஒரு சம்பவமாகிவிட்டதன் காரணம் இதுதான். வடபுலத்து முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய கவிதைகளிலும் கதைகளிலும் துப்பாக்கி உண்டு, சோதனையிட்ட கைகள் உண்டு, வெறுங்கையோடு நடந்த வழி உண்டு. அந்த வாரம் எந்தக் காற்று வீசியது என்பது பெரும்பாலும் இல்லை.

அது இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இழந்தது வீட்டையும் காணியையும் மட்டுமல்ல, ஒரு காலக்கணக்கையும் என்பதை நிறுவ வேறு வழியில்லை. ஷாரிகா திரணகம 2011 இல் வெளியிட்ட ‘இன் மை மதர்ஸ் ஹவுஸ்’ என்ற மானுடவியல் நூல், புத்தளத்துக்கு வந்த வடபுலத்து முஸ்லிம்களுக்கு ‘ஊர்’ என்ற சொல் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகிறது என்று கவனமாகப் பார்த்திருக்கிறது. நமது படைப்பாளிகள் செய்திருக்க வேண்டிய வேலையில் ஒரு பகுதியை அவர் செய்துவிட்டார். புத்தளத்திலும் வடகீழ்ப் பருவமழை உண்டு, பனையும் உண்டு. ஆனால் எந்தப் பனை விழுத்தியது என்று சத்தத்தில் சொல்லக்கூடிய காது அங்கே பிறந்த பிள்ளைக்கு எதற்கு?

இதற்கு எதிர்முனையில் புலம்பெயர்ந்தோரின் ஊர் நினைவுக் கட்டுரைகள் நிற்கின்றன. அவற்றில் எல்லாப் பண்டமும் உண்டு, பினாட்டு, ஒடியல், கறுத்தக்கொழும்பான், பலாச்சுளை. ஆனால் அவை மளிகைக்கடைத் துண்டு போலவே வாசிக்கக் கிடைக்கின்றன. களி பிசைந்தவளின் கைக்கடுப்பு இல்லை, மழை முந்திவிடும் என்ற பதற்றம் இல்லை, அயல்வீட்டுக்காரனாக இருந்து ஒருநாள் இல்லாமற்போன முஸ்லிம் இல்லை. மாறாக, கல்வயலிலே பிறந்த இ. முருகையன் (1935–2009) தன் ஊர்ப் பெருமையைப் பாடப் புறப்படாமல் தர்க்கமும் அங்கதமுமாகக் கவிதையைக் கொண்டுபோனார். அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவரது கூர்மை தென்மராட்சியின் ஒரு புரட்டாதிப் பின்னேரத்தின்மேல் விழுந்திருந்தால் என்ற ஆசை போகவில்லை.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம்வரை ஓடத் தொடங்கிய பின்னர் ஒரு புரட்டாதியில் நான் மீசாலையில் இறங்கி நடந்திருக்கிறேன். பாதையோரம் ஒரு வளவில் இரண்டு பெண்கள் பாத்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். விதைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் தூவி, ஓலையால் மூடினார்கள். மழை எப்ப வரும் என்று கேட்டேன். “அது வரேக்க வரும் தம்பி” என்றார் மூத்தவர், நிமிராமலே.

1990 புரட்டாதியிலும் சாவகச்சேரியின் வளவுகளில் இப்படிப் பாத்திகள் போடப்பட்டிருக்கும். அந்த மாத முடிவில் வளவுக்காரர் இல்லை. ஐப்பசி மழை வழக்கம்போல வந்தது, விதைகள் முளைத்தன, தையில் கிழங்கு முற்றியிருக்கும். அவற்றைக் கிண்டியது யார், அவித்துத் தின்றபோது அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? அந்தச் சிறுகதையைப் புத்தளத்திலிருந்து ஒருவரும் சாவகச்சேரியிலிருந்து ஒருவரும் தனித்தனியே எழுதி, இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வாசிக்க விரும்புகிறேன்.