மேடைக்கு வரும் சீட்டு

கச்சேரி பாதியில் இருக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் மேடைக்குப் போகிறது. மிருதங்கக்காரர் வாங்கிப் பாடகரிடம் நீட்டுகிறார். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறார். நம் சங்கீத உலகில் ரசிகன் எழுத்தில் தெரிவிக்கும் அபிப்பிராயம் அநேகமாக இந்த ஒன்றுதான். இதுபற்றி இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. சீட்டு எழுதுவது அநாகரிகம், வித்வான் ஹோட்டல் சர்வர் அல்ல என்பது ஒரு கட்சி. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்க உரிமை உண்டு, அவன் இல்லாவிட்டால் வித்வான் யாருக்குப் பாடுவார் என்பது மற்றது. இரண்டும் எதிர்க்கட்சிகள் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: கலைஞனின் ருசி ஒரு தட்டில், ஜனங்களின் ருசி மறு தட்டில், நடுவில் ஒரு தராசு. எனக்குச் சந்தேகம் இந்தத் தராசின் மேல்தான்.

இன்று நாம் கேட்கும் கச்சேரியின் உருவத்தை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ அய்யங்காரை (1890–1967) சொல்வது வழக்கம். வர்ணத்தில் ஆரம்பம், விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், விஸ்தாரமாக ஒன்றிரண்டு, ராகம் தானம் பல்லவி, கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா. பல்லவியில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடந்த கச்சேரியை வெளியே இழுத்து, நானாவித ரசிகர்களும் உட்கார்ந்து கேட்கும்படியாக ஆக்கிய காரியம் இது. அரியக்குடியின் அளவுணர்ச்சி அசாதாரணமானது. திருப்பாவைக்கு அவரே வர்ணமெட்டு அமைத்துப் பாடினார். அதைத் தாழ்ந்த சரக்காக நினைத்துப் பாடவில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் இந்த அமைப்பை ஓர் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு மணி நேரம் எனக்கு, கடைசி அரைமணி உனக்கு. துக்கடா என்றால் துண்டு என்றுதான் பொருள். துண்டு போடுவதற்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. சீட்டுகளெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன.

இந்த ஒதுக்கீட்டின் விளைவைப் பார்க்க வேண்டுமானால் தமிழிசை விவகாரத்தைப் பார்க்கலாம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு, 1943இல் தமிழ் இசைச் சங்கம். எதிர்த் தரப்பில் 1928 முதல் இயங்கிவந்த மியூசிக் அகாடமி. கல்கியும் டி.கே.சி.யும் தமிழ்ப் பக்கம் நின்று வாதாடினார்கள். அதுவும் ஒருவகையில் ஒரு பெரிய சீட்டுத்தான், ஒரு ஜனசமூகமே எழுதி அனுப்பிய சீட்டு. வித்வான்கள் மறுத்துவிடவில்லை. வாங்கிக்கொண்டு, துக்கடாப் பகுதியில் தமிழுக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். பந்தியில் இலை கேட்டவர்களுக்கு வெற்றிலைத் தட்டில் இடம் கிடைத்தது. கேட்டது கிடைத்துவிட்டதால் மேற்கொண்டு சண்டை போடவும் முடியவில்லை. பலவருஷங்களாக அது அப்படியே இருந்துவந்திருக்கிறது, விதிவிலக்குகள் நீங்கலாக.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. பி.ஏ. படித்த நாட்களில் ஷெல்லியைவிட அதிகமாக நான் உருப்போட்டது ட்யூக் எலிங்டனை (1899–1974). ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒரு பெரிய வாத்தியக் குழுவைக் கட்டி மேய்த்தவர். 1930இல் 'மூட் இண்டிகோ'வில் அவர் ஒரு காரியம் செய்தார். வழக்கமாக மேலே நிற்கும் கிளாரினெட்டைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி, கீழே கிடக்கும் டிராம்போனை மேலே ஏற்றினார். அப்படி ஒரு நாதம் வேண்டும் என்று எந்த ரசிகனும் சீட்டு எழுதவில்லை, எழுதியிருக்கவும் முடியாது. கேட்காத ஒன்றை எப்படிக் கேட்பது? ஆனால் ஒரு தடவை காதில் விழுந்த பிறகு ஜனங்கள் அதை விடவில்லை. அவர் போன ஊரெல்லாம் அதையே கேட்டார்கள்.

1943 ஜனவரியில் கார்னெகி ஹாலில் 'பிளாக், பிரௌன் அண்ட் பெய்ஜ்' என்ற நெடிய படைப்பை, முக்கால்மணி நேரத்துக்கு நீள்வதை, அரங்கேற்றினார். அமெரிக்கக் கறுப்பு மக்களின் சரித்திரத்தை வாத்தியங்களில் சொல்ல முயன்றது. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பிறகு அதைப் பெரும்பாலும் பகுதி பகுதியாகத்தான் வாசித்தார். ஜனங்கள் கேட்ட பழைய பாட்டுகளையோ ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே மூச்சில் வாசித்துத் தீர்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அந்தப் பாட்டுகளின் ராயல்டியைக் கொண்டுதான் குழுவுக்குச் சம்பளம் கொடுத்து வந்தார் என்பதால் அவரைக் குறை சொல்ல நாக்கு வரவில்லை. ஆனாலும் விந்தையைக் கவனிக்க வேண்டும். ஜனங்களின் ருசி என்று அவர் ஒதுக்கிய கட்டில் இருந்தது அவருடைய சொந்த ருசியின் மிகத் துணிச்சலான பகுதிதான். அதையும் அவர் துக்கடாவாக்கினார்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், சீட்டு என்பது பெரும்பாலும் காசோலை. வித்வான் முன்பே போட்டுவைத்த கணக்கின் மேல்தான் எழுதப்படுகிறது. காசோலையோடு வந்து நிற்பவனைப் பிச்சைக்காரனைப் போல நடத்துவது எந்தக் கௌண்டரிலும் சரியல்ல. மதுரை மணி அய்யருக்கு (1912–1968) இது தெரிந்திருந்தது. அவருடைய குரு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றிய இங்கிலீஷ் நோட்டைக் கேட்டு அவருக்குச் சீட்டு வராத கச்சேரி அபூர்வம். பதிவுகள் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம். கற்பனை ஸ்வரத்தில் ஸர்வலகுவாகப் புரண்டுவந்த அதே மனுஷன்தான் நோட்டையும் பாடுகிறார். குரல் மாறவில்லை, சந்தோஷம் குறையவில்லை. இது உனக்கு, அது எனக்கு என்ற கணக்கு அங்கே இல்லை. சங்கராபரண ஸ்வரங்களைப் பாண்டு வாத்தியக்காரனைப் போலப் பிசிறில்லாமல் அடுக்கிக்கொண்டே போவதில் அவருக்கு ஒரு குழந்தையின் குதூகலம் இருந்தது. அதைத்தான் ஜனங்கள் கேட்டார்கள்.

சீட்டு எல்லாமே ஒரு ஜாதி அல்ல என்பதற்கு நாகஸ்வரத்துக்குப் போக வேண்டும். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், ஒத்து. இப்படிக் கோவிலுக்குள் நிற்கும் மேளத்துக்கு எதை வாசிப்பது என்ற பிரச்னையே பெரிதாக இருந்ததில்லை. ஸ்வாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. பிறகு திருவிழாவின் கட்டத்துக்கும் பொழுதுக்கும் தக்கபடி இன்னது என்று நியமம். அங்கே வாசிப்பவனின் ருசியும் கேட்பவனின் ருசியும் இரண்டாம்பட்சம். ஆனால் ஸ்வாமி வீதிமூலையில் நின்றதும் வானம் திறந்துகொள்ளும். ராகம்தான், கீர்த்தனையெல்லாம் அதற்கு அப்புறம். அங்கே கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்பதாக இருந்தாலும் ராகத்தைத்தான் கேட்க முடியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் (1898–1956) தோடி கேட்டார்கள். தோடி கேட்டவனுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று அவனுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் அந்த நிமிஷம் வரை தெரியாது. வயலைக் காட்டி, இங்கே உழு என்கிறான். என்ன விளைய வேண்டும் என்று சொல்லவில்லை. பாட்டைக் கேட்பவனோ விளைந்த நெல்லைக் காட்டி இதே நெல் வேண்டும் என்கிறான்.

இந்த இரண்டாவது ஜாதிச் சீட்டு பெருகியது இசைத்தட்டும் சினிமாவும் வந்த பிறகு. தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சில்லறைதான், ஆனால் அது மாறவே மாறாது. நூறு தரம் கேட்டவன் நூற்றோராவது தரத்தை மேடையில் எதிர்பார்க்கிறான். அவனைப் பாமரன் என்று திட்டுவது சுலபம். அவன் காதை அப்படிப் பழக்கியது யந்திரம்.

ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் 'சிங்கார வேலனே' பாட்டில் சேர்ந்து ஒலித்தது; இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அதன்பின் அவர் இருந்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷமும் அந்தப் பாட்டை வாசிக்காமல் அவரை யாரும் மேடையிலிருந்து இறங்கவிடவில்லை என்று சொல்வார்கள். சுத்த சங்கீதக்காரர்கள் இதை ஒரு துக்க சம்பவம் போல நினைவுகூர்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை. அந்தப் பாட்டில் ஜனங்கள் மயங்கியது எதில்? குரலும் நாகஸ்வரமும் ஸ்வரங்களில் ஒன்றையொன்று துரத்திப் பிடிப்பதில். பாட்டு ஆபேரி. சீட்டு எழுதியவனுக்கு ராகத்தின் பெயர் தெரியாது, ஆனால் அவன் கேட்டதில் ராகம் இருந்தது, நாகஸ்வரம் இருந்தது. சினிமாவிடம் தமிழன் கேட்ட மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது மோசமான கோரிக்கை அல்ல.

நம் வாரப்பத்திரிகை எழுத்தாளர்களும் இந்தத் தராசுக்காரர்கள்தான். பத்திரிகைக்கு ஒன்று, எனக்காக ஒன்று என்பார்கள். இருபது வருஷம் கழித்து அந்த 'எனக்காக'வைப் புரட்டினால், அதிலும் அத்தியாய முடிவில் கதவு தட்டப்படுகிறது. கை ஒன்றுதானே? வாரம் முழுவதும் ஒரு விதமாகப் பழகிய கை ஞாயிற்றுக்கிழமை வேறு விதமாக எழுதும் என்று எப்படி நம்புவது?

சமீபத்தில் மாயவரத்துப் பக்கம், எங்கள் கிளையில் வேலை பார்ப்பவரின் மகள் கல்யாணம். வரவேற்பில் மேளம். பெரியவர் அறுபது கடந்தவர், இரண்டாவது நாகஸ்வரம் அவர் பிள்ளை. கல்யாணியை எடுத்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் வந்து கைபேசியைப் பெரியவரின் காதருகே பிடித்தான். இப்போது சீட்டுக்கும் வேலையில்லை, பாட்டே வந்துவிடுகிறது. அவர் தலையாட்டினார். சீவாளியை எடுத்து உதட்டில் ஈரப்படுத்திப் பொருத்திக்கொண்டு, கைபேசியில் எப்படியோ அப்படியே வாசித்தார். ஒரு பிசகு இல்லை. தவில்காரர் பந்தலின் சீரியல் விளக்கைப் பார்த்துக்கொண்டே அடித்தார்.

கைகழுவும் இடத்தில் பேச்சுக் கொடுத்தேன். லிஸ்ட் அட்வான்ஸோடு வந்துவிடும் என்றார். வாட்ஸ்அப்பில் முப்பது பாட்டு.

"சினிமாப் பாட்டு வாசிக்கறதுல எனக்கு ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல சார். படத்துல வர்ற மாதிரியே வாசிங்கறாங்க பாருங்க, அதுக்கு நான் எதுக்கு?"

சிங்கார வேலனே இன்னும் வருகிறதா என்று கேட்டேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் லிஸ்டில் சேர்த்துவிடுவார்கள் என்றார்.

"அது வந்தா எனக்குச் சந்தோஷம். முன்னாடி கொஞ்சம் ஆபேரி வாசிச்சுட்டுத்தான் பாட்டுக்குப் போவேன். எவ்வளவு வாசிக்கணும்னு லிஸ்ட்ல எழுதல இல்லீங்களா?"

எவ்வளவு வாசிப்பீர்கள் என்று கேட்டேன்.

பந்தி போடுவதைப் பொறுத்தது என்றார்.