துபாஷி பார்த்தது

கோர்ட்டில் வக்கீல் பேசலாம், ஜட்ஜ் பேசலாம், குற்றம் சாட்டப்பட்டவர்கூடப் பேசலாம். சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாத ஆசாமி, மொழிபெயர்ப்பாளர். நம் பழைய வார்த்தையில் துபாஷி. அப்படி ஒரு துபாஷி 2008-ல் அமெரிக்காவில் எழுதிய கட்டுரையை மறுபடி படித்தேன். பெயர் எரிக் கமாய்ட் ஃப்ரேஷாஸ். ஃப்ளோரிடாவில் பேராசிரியர்.

2008 மே 12. அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் ஒரு இறைச்சித் தொழிற்சாலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து 389 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலும் குவாதமாலாக்காரர்கள். வழக்கமாக நாடு கடத்துவதோடு சரி. இந்தத் தடவை கிரிமினல் வழக்கு. வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சி மைதானத்தில் தற்காலிகக் கோர்ட். கைகாலில் சங்கிலியோடு பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் சுமார் 300 பேருக்குத் தண்டனை!

எப்படி இத்தனை வேகம்? கட்டுரையின் உயிரான பகுதி இதுதான். வேலைக்காகப் பொய்யான சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கொடுத்தவர்கள்மேல், அடுத்தவர் அடையாளத்தைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் குறைந்தது 2 வருஷம். சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 5 மாதம், பிறகு ஊருக்குப் போகலாம் என்று பேரம். முடிவெடுக்க 7 நாள். முடியாது என்று வழக்காடினால் ஜாமீன் கிடையாது. விசாரணை வரவே ஆறு முதல் எட்டு மாதம் உள்ளே காத்திருக்கணும். ஜெயித்தாலும் நாடு கடத்துவார்கள். ஆக, நிரபராதிக்குத்தான் அதிக நாள் ஜெயில். அந்த நம்பர் எதற்கு என்றே புரியாதவர்கள், ஸ்பானிஷே இரண்டாம் மொழியான மாயா இனத்தவர்கள் எல்லாம் ஒப்புக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நேரே பார்த்தவரின் எளிமையோடு சொல்லிக்கொண்டு வந்தவர், பிற்பகுதியில் பேராசிரியராகிவிடுகிறார். அரசுத் துறைகளின் வளர்ச்சி, பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்று லெக்சர். வாதங்கள் சரிதான். ஆனால் சங்கிலிச் சத்தம் சொன்னதைவிட அதிகமாக அவை எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு உறுத்தல். நடுநிலை என்ற தொழில் தர்மப்படி வழக்குகள் முடிந்த பிறகே எழுதினார். ஜூலையில் நாடாளுமன்றக் குழுவிலும் சாட்சி சொன்னார். அடுத்த வருஷம் மே மாதம், வேறொரு வழக்கில், நம்பர் இன்னொருவருடையது என்று தெரிந்தே பயன்படுத்தினால்தான் அந்தத் திருட்டுச் சட்டம் பாயும் என்று சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் போஸ்ட்வில்காரர்கள் 5 மாதத்தையும் அனுபவித்து முடித்திருந்தார்கள்.