தேம்பாவணியில் தாயிழந்த மகன்

துக்க வீட்டில் அழுபவரை அதட்டும் உபதேசிகள் எல்லாச் சமயத்திலும் உளர். கிறிஸ்தவருள் அவ்வதட்டல் விசுவாசத்தின் பெயரால் வரும். ஆண்டவரிடம் சென்றவருக்காக அழுவது அவநம்பிக்கை என்பர். சிங்கப்பூரின் மேற்கே பூன் லேயில், அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்து, உற்றார் மாலைதோறும் கூடி ஜெபிப்பது வழக்கம். சீனரும் மலாய்க்காரரும் அவ்வழியே வேலைக்குப் போய்வருவர். அத்தகைய பொது இடத்தில் அழுகையை அடக்கச் சொல்வது நாகரிகமாகவும் தோன்றிவிடும். தமிழிற் கிறிஸ்தவம் பெற்ற பெருங்காப்பியம் இவ்வுபதேசத்துக்கு இணங்குகிறதா என்பதே நம் கேள்வி.

இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழ்ப் புலவராகிய வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி, 3 காண்டமும் 36 படலமும் 3,615 பாடலும் கொண்டது. சூசையப்பரே தலைவர். அதில் கருணையன் என வருபவர் திருமுழுக்கு யோவான். கானகத்தில் மறைந்து வாழ்கையில் அவர் தாய் எலிசபெத்து இறக்கிறாள். நான்கு சுவிசேஷங்களிலும் இம்மரணம் இல்லை. வேதம் வாய்திறவாத இடத்திலே கவிஞர் ஒரு மகனை அழவிடுகிறார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

மகன் குழியில் மலர் பரப்பித் தாயைக் கிடத்தி, மண்ணிட்டு மூடி, மேலும் மலரைத் தூவுகிறான், கண்ணீரையும் தூவுகிறான். பின்னர் மரமும் பறவையும் வண்டும் உடன் புலம்புவது நம் புலவர் பலர் கையாண்ட மரபு. அதில் நமக்குப் பெரு வியப்பில்லை. நம்மை நிறுத்துவது வேறிடம். காட்டில் காய்கனி தேடும் வழியும் தான் அறியேனே என்கிறான் அவன். பிற்காலத்தில் மன்னனைக் கண்டிக்கப் போகும் தீர்க்கதரிசி, இங்கே சோற்றுக்கு வழி தெரியாத பிள்ளை! இந்த ஒரு சொல்லுக்காக அணிகள் பலவற்றை மறந்துவிடலாம். முற்றுந் துறந்த பட்டினத்தாரும் தாய்க்குக் கொள்ளியிடுகையில் கலங்கினார் அன்றோ?

இது விசுவாசக் குறைவு என்பாருக்கு விடை வேதத்திலேயே உண்டு. லாசருவின் கல்லறையருகே இயேசு அழுதார் என்கிறது யோவான் சுவிசேஷம். உயிர்த்தெழச் செய்யப் போகிறவரே அழுதார். பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதுகையில் துக்கத்தையே விலக்கவில்லை; நம்பிக்கையற்றவரின் துக்கத்தையே விலக்கினார். சமாதானம் என்பது கண்ணீர் வற்றிய முகமன்று. அழுது முடித்தவன் மறுநாள் அடுப்பு மூட்ட எழுவதற்கு வேண்டிய பலம் அது. அடக்கப்பட்ட அழுகை அதனைத் தராது.

சிங்கப்பூரில் இது வெறும் இலக்கிய வாதமன்று. இடநெருக்கடியால், 1998இல் வகுத்த விதிப்படி, புதைத்த உடலுக்கு நிலம் 15 ஆண்டுகளுக்கே உரியது. பின்னர் தோண்டி எடுக்கப்படும். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு மேடு என்றும் இருக்கும் என்ற ஆறுதல் அங்கில்லை. கருணையன் மூடிய மண்ணுக்கும் கல்வெட்டுக் கிடையாது. பாட்டு ஒன்றே நின்றது.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் இப்பகுதி இடம்பெற்றது. மாணவர் அதனை மதிப்பெண்ணுக்குப் படிக்கின்றனர். துக்க வீட்டில் படிப்பார் இல்லை. பூன் லேயில் இனி ஒரு ஜெபக்கூட்டம் நிகழுங்கால், பிரசங்கத்தைப் பத்து நிமிடம் குறைத்து, நான்கு விருத்தம் வாசிக்கலாம். பொருள் சொல்லத் தமிழறிந்த பாட்டி ஒருத்தி கூட்டத்தில் எப்படியும் இருப்பாள்.