தொப்பி தனி, வலந்தலை தனி: ஜூம் லைவ்ட்ராக் எல்-12

இரண்டு மைக்கை மட்டும் வைத்துக் கச்சேரியைப் பதிவு செய்தவர்களுக்கு இது தெரியும். வீட்டில் போட்டுக் கேட்டால் மிருதங்கம் முன்னால் நிற்கும். பாடகர் எங்கோ பின்னால் இருப்பார். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் அதிர்வைக் குறைத்தால் பாடகரின் மந்தர ஸ்தாயியும் கூடவே போய்விடும். குரலையும் கருவிகளையும் தனித்தனி ட்ராக்கில் பிடிப்பது ஒன்றே வழி.

ஜப்பானின் ஜூம் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த எல்-12 அதற்கான பெட்டி. மிக்ஸர், ரெக்கார்டர், யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் மூன்றும் ஒன்றாக, மூன்று கிலோவுக்குள். எட்டு மைக் இணைப்புகள், இரண்டு ஸ்டீரியோ சேனல்கள். அரங்குக்குப் போகும் ஸ்டீரியோ கலவையோடு சேர்த்து ஒரே சமயத்தில் 14 ட்ராக் பதிவாகும்.

மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் நான் வைத்த வரிசை இது: வயலின் பிக்கப் முதல் சேனலில், ஏனென்றால் பிக்கப்புக்கு வேண்டிய ஹை-இஸட் வசதி ஒன்றிலும் இரண்டிலும்தான் உண்டு. குரல் மூன்று, வலந்தலை நான்கு, தொப்பி ஐந்து, கடம் ஆறு, தம்பூரா ஏழு. ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் தனி ட்ராக்குகள் அப்படியே இருக்கும். அரங்கின் ஒலியை மட்டும் கவனித்துக்கொண்டு நிம்மதியாக வேலை செய்யலாம்.

ஆனால் கெயின் அப்படியல்ல. அதில் தவறினால் பிறகு திருத்த முடியாது. ஆலாபனையின்போது மிருதங்கக் கலைஞர் மெல்லத் தட்டிப் பார்ப்பார். அதை நம்பி கெயின் வைத்தால் தனி ஆவர்த்தனத்தில் ஒலி உடைந்துவிடும். ஆகவே முன்கூட்டியே, "அண்ணா, தனியில வாசிக்கிற மாதிரி ஒரு கோர்வை வாசிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். அந்த உச்சம் -12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தேன். கம்ப்ரஸரைத் தொடவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மானிட்டர் ஏற்பாடு. ஐந்து வெளியீடுகள், ஐந்துக்கும் தனித்தனிக் கலவை. பாடகருக்குத் தம்பூராவும் தன் குரலும், மிருதங்கத்துக்குக் குரல் தூக்கலாக. "வயலினைக் குறைங்க" என்று மேடையிலிருந்து கை காட்டும் காட்சி அன்று ஒரு முறைகூட நடக்கவில்லை. வித்வான்களின் கவனம் முழுக்கப் பாட்டில் இருந்தது.

குறைகளும் உண்டு. சேமித்த அமைப்பை (ஸீன்) அழைத்தால் ஃபேடர்கள் தாமாக நகராது. கையால் அந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஐபேடில் இயக்க முடியாது. அரங்கின் நடுவில் நின்று ஒலியைச் சரிசெய்ய விரும்புகிறவருக்கு அதே நிறுவனத்தின் எல்-20 பொருந்தும். எல்லாவற்றையும்விட, இதில் பேட்டரி கிடையாது. நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடுகிற தம்பி எல்-8-இல் மைக் இணைப்புகள் ஆறுதான்.

24-பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக்குக்கு மணிக்குச் சுமார் 520 எம்.பி. ஆகும். ஆறு ட்ராக்கும் ஸ்டீரியோ கலவையும் இரண்டரை மணி நேரத்தில் 10 ஜி.பி.யைத் தாண்டும், 32 ஜி.பி. அட்டை தாராளம்.

ஐந்தாறு பேர் அமரும் மேடைக்கு, ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிறவர்களுக்கு, தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போதே சிறிய யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.