நொட்டாங்கைக்காரரைத் தேடுங்கள்

வாட்டர் போலோவை முதன்முதலாகப் பார்ப்பவர் கண்ணுக்கு நுரையும் தொப்பிகளும்தான் தெரியும். நடுவர் எதற்கு விசில் ஊதுகிறார், யார் யாரை அமுக்குகிறார், ஒன்றும் பிடிபடாது. எனக்கும் பிடிபடவில்லை, டிபோர் பெனெடெக் ஆடிய பழைய ஆட்டங்களைப் பார்க்கும்வரை. பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனித்தேன்.

பெனெடெக் ஹங்கேரிக்காரர், 1972இல் பிறந்தவர். சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங் என அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் தங்கம். எறிவது நொட்டாங்கையால். ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

தாக்கும் அணி கோலைச் சுற்றி அரைவட்டமாக மிதக்கும். அதன் வலது ஓரத்தில் வலக்கைக்காரர் இருந்தால், அவருடைய எறியும் கை குளத்தின் சுவர்ப்பக்கம் போய்விடும். கோல் ஒரு கீற்றாகத்தான் தெரியும். இடக்கைக்காரருக்குக் கை நடுக்குளத்தின் பக்கம் இருக்கிறது, கோல் விரிந்துவிடுகிறது. வலது ஓரம் என்றால் கோலைப் பார்ப்பவரின் வலது. டிவியில் அணி இடமிருந்து வலமாகத் தாக்கும்போது அது கேமராவுக்கு அருகில் இருக்கும். திரும்பித் தாக்கும்போது எதிர்க்கரைக்குப் போய்விடும். இந்தக் குழப்பத்தில் நான் இரண்டு ஆட்டங்களை வீணாக்கினேன்.

இனி கால்களை மனதில் வரைந்துகொள்ளுங்கள். தரையில் கால் ஊன்றக்கூடாது. கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தை இரு கையாலும் தொடக்கூடாது. மேலே பெனெடெக் ஒற்றைக் கையில் பந்தைத் தூக்கிச் சும்மா நிற்பதுபோல் இருப்பார். கீழே இரு கால்களும் மாறிமாறிச் சுழன்றுகொண்டிருக்கும். எறிவதுபோல் கையை ஆட்டுவார். கோல்கீப்பர் நீரிலிருந்து எழும்புவார். எழும்பியவர் அமிழ்ந்துதானே ஆகவேண்டும்? அமிழும் அந்த நொடியில் பந்து புறப்படும். அதனால் கோல்கீப்பரின் தோளைப் பாருங்கள்.

ஹங்கேரியர்கள் அவரைக் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆண்கள் வாட்டர் போலோவில் ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு அது. தந்தை மிக்லோஷ் பெயர்பெற்ற நடிகர். தாத்தாவும் நடிகர், பெயர்கூட அதே டிபோர் பெனெடெக். பேரன் அந்தப் பெயரைத் தண்ணீருக்குக் கொண்டுபோனார். பிறகு பயிற்சியாளராகி, 2013இல் பார்சிலோனாவில் தேசிய அணியை உலக சாம்பியனாக்கினார். 2020இல் இறந்தபோது வயது 47தான்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரமிருந்தால் 2004 ஏதென்ஸ் இறுதிப்போட்டியைத் தேடுங்கள். எதிரணி செர்பியா-மாண்டினீக்ரோ. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது ஹங்கேரி 5-7 எனப் பின்தங்கியிருந்தது, முடியும்போது 8-7. அந்த அணியில் கெர்கெய் கிஷ் என்று இன்னொரு நொட்டாங்கைக்காரரும் உண்டு. ஒருவர் கிடைப்பதே அரிதான இடத்துக்கு இருவர்! வலது ஓரத்தில் இருப்பது யார் என்று தொப்பி எண்ணைப் பார்த்து முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.