அடி திறக்கும் ஜாடி

பழைய பிளெண்டர் பிரியர்களில் பெரும்பாலோர் வேரிங் கட்சி. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. நான்கிதழ்க் கண்ணாடி ஜாடி, இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வேரிங்கின் பெயர், 1937இல் சிகாகோ உணவகக் கண்காட்சியில் அரங்கேற்றம். பாரம்பரியத்தைச் சுமப்பது டி.என்.ஏ. என்று காட்டிய 1952ஆம் ஆண்டு ஹெர்ஷி-சேஸ் சோதனையில் சுழன்றதும் வேரிங்தான். ஆய்வகப் பெருமையெல்லாம் அதற்கே இருக்கட்டும். சமையல் என்று வந்துவிட்டால் என் கை ஆஸ்டரைசர் பிளெண்டரைத்தான் தேடும். தேன்கூடு போல அடி அகன்ற, குரோம் பூசிய அந்தப் பழைய மாடலை.

எல்லாம் ஜாடியின் அடிப்பக்கத்துக்காக. வளையத்தைத் திருகினால் பிளேடும் ரப்பர் வாஷரும் தனியே வந்துவிடும். வேர்க்கடலை வெண்ணெய் அரைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்: பிளேடுக்குக் கீழே அப்பிக்கொண்ட விழுதை மேலிருந்து சுரண்ட வேண்டாம், கீழிருந்தே வழித்துவிடலாம். அமெரிக்க வீடுகளில் ஜாமும் ஊறுகாயும் போட்டுவைக்கும் சின்ன வாய் மேசன் ஜாடியும் அதே மரையில் கச்சிதமாக உட்காரும். அரைத்த ஜாடியிலேயே மூடி போட்டு எடுத்து வைக்கலாம். மோட்டாரிலிருந்து நீளும் சதுர உலோகத் தண்டு பிளேடின் அடியில் உள்ள சதுரக் குழியில் போய் அமரும். நம் மிக்ஸிகளில் தேய்ந்து நொறுங்கும் கப்ளருக்கு இங்கே வேலையே இல்லை. மோட்டாரைக் காப்பாற்றத்தான் கப்ளர் பலியாகிறது என்பார்கள். பலியாகாமலே பல பத்தாண்டுகள் ஓடிய இயந்திரங்களைப் பார்த்தவன் நான். அந்த வாதம் எனக்கு ஏறவில்லை.

கூடவே வந்த சமையல் கையேடு இன்னொரு காரணம். 1960களின் ‘ஸ்பின் குக்கரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸை நறுக்க அது சொல்லித்தரும் வித்தை எனக்கு இன்றும் வியப்பு: துண்டுகளைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஓரிரு நொடி மட்டும் ஓட்டி, வடித்துவிட வேண்டும். தண்ணீரில் துண்டுகள் புரண்டு புரண்டு பிளேடிடம் வருவதால் எல்லாம் ஒரே அளவில் விழும், கூழாகாது. மயோனைஸுக்கு மூடியின் நடுவிலுள்ள சின்னக் குமிழைக் கழற்றி எண்ணெயை நூலாக விடச் சொல்கிறது. அந்தக் குமிழே 2 அவுன்ஸ் அளவுக் கிண்ணமும்கூட. இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, அதன் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்கள்தான் இப்படி எழுத முடியும்.

பிற்பாடு தயாரிப்பாளர்களுக்குப் பொத்தான் பைத்தியம் பிடித்தது. எட்டு, பத்து, பதினாறு என்று வேகங்களை அடுக்கினார்கள். நொடிக்கணக்கு கைவந்தவருக்கு இரண்டு வேகம் தாராளம். இப்போது பெட்டியைத் திறந்தால் பல மொழிகளில் எச்சரிக்கை, கடைசிப் பக்கத்தில் பேருக்கு இரண்டு ஸ்மூத்தி. எழுதியவர் ஒருமுறையாவது அதில் எதையாவது அரைத்திருப்பாரா என்பதே சந்தேகம்.

பழையதை வாங்கப் போகிறவர்கள் குரோமில் மயங்க வேண்டாம். முதலில் பிளேடைக் கையால் சுற்றி அச்சு ஆடுகிறதா என்று பாருங்கள். வாஷர் வெடித்திருந்தால் கவலை இல்லை, புதியது இன்றும் விற்கிறது. கையேடும் உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். பல கடைக்காரர்கள் அதைக் குப்பை என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.