யாருடைய கட்டுரை என்று மட்டும் கேட்கும் பதிவேடு

பிரசுரமான ஆய்வுக்கட்டுரைக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம் என்ற ஏற்பாட்டை நார்வே 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டோடு கைவிட்டது. ஓஸ்லோவிலும் பெர்கனிலும் ட்ரோன்ஹைமிலும் இருபது ஆண்டுகளாகக் கேலியும் வசவும் வாங்கிய ஏற்பாடு. அது போனதும் புதிய சமாதானம் ஒன்று கிளம்பியிருக்கிறது. குறையெல்லாம் பணத்தில்தான் இருந்தது, கட்டுரைகளைப் பதியும் தேசியப் பதிவேட்டில் இல்லை. பணத்தைக் கழற்றியாயிற்று, இனி அந்தப் பதிவேடு நாட்டின் ஆய்வுகளைத் தேடிப் படிப்பதற்கான நல்ல பட்டியலாகிவிடும் என்கிறார்கள். இயற்பியலைப் பொறுத்தவரை இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பணம் போய்விட்டது, ஆனால் அந்தப் பணத்துக்காக வரையப்பட்ட படிவம் அப்படியே இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011இல் வந்த கிறிஸ்டின் என்ற தேசியப் பதிவேடு (இப்போது அதன் இடத்தில் தேசிய அறிவுக் காப்பகம் வந்திருக்கிறது) நாடு முழுவதற்கும் ஒன்றே. யாரும் பார்க்கலாம். வணிகத் தரவுத்தளங்கள் கண்டுகொள்ளாத நார்வேஜிய மொழிக் கட்டுரைகளுக்கும் புத்தகங்களுக்கும் அதில் இடம் உண்டு. பின்லாந்தும் டென்மார்க்கும் இந்த முறையைப் பார்த்துத் தங்களுக்கென ஒன்றைச் செய்துகொண்டன. டென்மார்க் 2021இல் விட்டும் விட்டது. மொத்த மானியத்தில் புள்ளிகளுக்கென ஒதுக்கிய பங்கும் மிகச் சிறியது. நம் ஊரில் 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த மதிப்பெண் முறை போலி இதழ்களுக்குச் சந்தை திறந்துவிட்டதை நினைத்தால், நார்வேயின் நிர்வாகம் எவ்வளவோ மேல். இதில் சண்டையில்லை.

என் ஆட்சேபம் வேறு, பழையது. ஒரு கட்டுரையைப் பதிகிறவர் எந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறார் என்பதுதான் அந்தப் பதிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஓஸ்லோவில் கேட்கப்படும் கேள்வி, இது யாருடையது? ஆசிரியர்களில் எத்தனை பேர் எங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்? இதழ் முதல் நிலையா, இரண்டாம் நிலையா? வகை என்ன, ஆண்டு எது? ஆண்டுதோறும் கணக்கு முடிக்கும் காலத்தில் சரிபார்க்கப்படுவது இவ்வளவுதான். முதல் நிலை இதழ்க் கட்டுரைக்கு 1 புள்ளி, அதைவிட உயர்வான இரண்டாம் நிலைக்கு 3. மற்ற விவரங்கள் ஸ்கோபஸ் என்ற வணிகத் தரவுத்தளத்திலிருந்து இறங்கி வரும். வந்தது வந்தபடி கிடக்கும்.

இயற்பியலாளர்கள் தங்களுக்கென உருவாக்கிக்கொண்ட பட்டியல் வேறு கேள்வியிலிருந்து பிறந்தது: அந்தக் கட்டுரை எங்கே? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு துகள்முடுக்கி மைய நூலகம் 1969 முதல், தபாலில் வந்து குவிந்த முன்பிரதிகளை வாரப் பட்டியலாக அச்சிட்டு அனுப்பியது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே ‘எதிர்முன்பிரதிகள்’ என்று ஒரு பகுதி: எந்த முன்பிரதி எந்த இதழில் எந்தப் பக்கத்தில் அச்சாகிவிட்டது, இனிக் கையில் உள்ள தாளைத் தூக்கிப் போடலாம் என்ற தகவல். நூலகர் ஒருவர் கண் விழித்து ஒப்பிட்டுப் பார்க்காமல் இது நடக்காது. 1974இல் இதுவே ஜெர்மனியின் டெசி ஆய்வகத்தோடு சேர்ந்து ஸ்பைர்ஸ் என்ற தரவுத்தளமானது. டெசி இருக்கும் ஹாம்பர்க்கில் உள்ளடக்கச் சொற்களைக் கையால் இட்டவர்களுக்கு இயற்பியல் தெரியும். 1991 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் இணையச் சேவையகத்தை நிறுவியதே இந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்று இன்ஸ்பயர் என்ற பெயரில் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னும் டெசியும் பிற ஆய்வகங்களும் சேர்ந்து நடத்தும் அந்தத் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரைக்கு ஒரே பதிவு. ஆர்க்கைவ் என்ற இணைய முன்பிரதிக் களஞ்சியத்தின் எண், இதழ்ப் பக்கம், பிற்பாடு வந்த பிழைதிருத்தம், எந்தச் சோதனை, யாரை மேற்கோள் காட்டுகிறது, யார் இதைக் காட்டுகிறார்கள், எல்லாம் அந்த ஒரு பதிவில் சேர்ந்துகொண்டே போகும்.

சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. ஸ்பைர்ஸ் நூலகர்கள் அதன்படி நடந்தார்கள். ஓஸ்லோவின் படிவமோ எண்ணுகிறவரின் நேரத்தைக் காக்கிறது.

இதை மிகைப்படுத்தல் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. செர்னில் நடக்கும் அட்லஸ் சோதனையின் கட்டுரைகளில் ஏறத்தாழ 3000 பெயர்கள் இருக்கும்; ஓஸ்லோ பல்கலைக்கழகமும் அதில் அங்கம். ஒரு கட்டுரையில் ஓஸ்லோவுக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி பல்கலைக்கழகத்தின் பங்கு முந்நூற்றில் ஒன்று, அதாவது 0.0033. துறைகளுக்கிடையே பாரபட்சம் என்ற குரல் எழுந்ததும் 2015 முதல் அந்தப் பின்னத்துக்கு வர்க்கமூலம் எடுத்தார்கள். வெளிநாட்டுக் கூட்டு என்றால் மேலே 1.3 பெருக்கல். பெருக்கலை விட்டுவிட்டாலும் பங்கு 0.058 ஆகிறது, பதினேழு மடங்கு. கமிட்டிகள் கூடி, அறிக்கைகள் எழுதி, ஆண்டுக்கணக்கில் விவாதித்துச் செய்த சீர்திருத்தம் இது. அதனால் கட்டுரையின் பதிவில் ஓர் எழுத்தாவது மேம்பட்டதா? அதற்குப் பிழைதிருத்தம் வந்த செய்தி சேர்ந்ததா? இல்லை. சீர்திருத்தக்காரர்கள் அதை நினைத்தும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பதிவு என்பது பின்னத்தின் கீழே எழுதும் எண் மட்டுமே.

அந்தப் பத்துப் பேர் போக மீதிப் பேர் என்ன ஆகிறார்கள்? நார்வே நிறுவனத்தில் வேலை செய்பவர் பணியாளர் பட்டியலோடு இணைக்கப்பட்ட ஆள். அவருக்குப் பக்கம் உண்டு, எண் உண்டு. மற்றவர் வெறும் எழுத்துச்சரம். செர்னின் இன்னொரு சோதனையான ஆலிஸில் ஓஸ்லோவோடு கைகோக்கும் கொல்கத்தா ஆய்வாளர் ஒருவர் எஸ். குமார் என்றால் அவர் எந்த எஸ். குமார் என்று பதிவேடு கவலைப்படாது, வகுப்பதற்கு அவருடைய தலை எண்ணிக்கை போதும். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதும் தமிழர்களுக்கு இதில் சொல்லவே வேண்டாம். குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா உட்கார்ந்துகொள்வார், அல்லது ஆசிரியரே இரண்டு பேராகப் பிரிந்துபோவார். 1923ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நார்வேயிலும் ஊர்ப்புறங்களில் அப்பா பெயரைச் சேர்த்து அழைத்தவர்கள் ஏராளம் என்பதை நினைத்தால், இந்தக் கவனக்குறைவு இன்னும் வேடிக்கை. இன்ஸ்பயரிலும் பெயர்க் குழப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே அது தீர்க்க வேண்டிய பிரச்சினையாக எண்ணப்படுகிறது, பெயருக்குரியவரே வந்து தன் கட்டுரைகளைக் கோரலாம். 2015இல் அட்லஸும் செர்னின் சிஎம்எஸ் சோதனையும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையை வெளியிட்ட கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். அந்த 24 பக்கங்களையும் தேடத்தக்கதாக ஆக்குவது நூலக வேலை. அதில் தன் ஆட்களை மட்டும் அடிக்கோடிட்டு எடுத்துக்கொள்வது குமாஸ்தா வேலை.

பெயர்களில் மட்டுமல்ல, எதைப் பதிவது என்பதிலும் இதே கோளாறுதான். லார்ஸ் ஆன்சாகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் ஓஸ்லோவில் பிறந்தவர், 1968இல் நோபல் பெற்றவர். இரு பரிமாண ஐசிங் மாதிரியின் காந்தமாக்கலுக்கான சூத்திரத்தை 1949இல் ஃப்ளோரன்ஸ் மாநாட்டில் நிரூபணமில்லாமல், விவாதத்தின் நடுவே ஒரு குறிப்பாக மட்டும் சொன்னார். நிரூபணத்தை சி. என். யாங் 1952இல் வெளியிட்டார். அந்தக் குறிப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள், தேடுகிறார்கள். தேடுபவருக்காக நடத்தும் பட்டியலில் அதற்கு ஒரு பதிவு வேண்டும். புள்ளிப் படிவத்தில் அது எங்கே போகும்? மாநாட்டுப் பேச்சு, புள்ளி இல்லை, சரிபார்ப்பு இல்லை. போதாததற்கு அவர் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கியவர். ஓஸ்லோவில் பிறந்த மாபெரும் இயற்பியலாளர் ஒருவரின் மிகப் பிரபலமான வரி, நார்வேயின் பதிவேட்டு விதிப்படி நார்வேயின் கணக்கில் வராது.

பதிவேடும் நூலகமும் வேறு வேறு, பதிவேட்டிடம் நூலகத்தை எதிர்பார்ப்பது தவறு என்று பதில் வரும். புள்ளிக்குப் பணம் தந்த நாளில் அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. இப்போது பணம் இல்லை, எண்ணுவதற்கு அவசியமும் குறைந்துவிட்டது. தேடுவதற்கும் உதவாது என்றால் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களை ஆண்டுதோறும் எதற்காகச் சொடுக்க வைக்கிறீர்கள்? ஆய்வை நிறுத்திவிட்டு வந்து, ஸ்கோபஸ் தந்த வரிசையில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் ‘சரி’ என்று அழுத்தும் இயற்பியலாளர் பதிவாளரும் இல்லை, வாசகரும் இல்லை.

நார்வே 1954இல் செர்னைத் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்று. செர்னுக்குக் கட்டும் சந்தா வழியாக இன்ஸ்பயருக்கும் அது ஏற்கெனவே பணம் கொடுக்கிறது. ஆகவே துகள் இயற்பியலுக்கு ஓஸ்லோவில் தனியாகப் பதிவதை நிறுத்துங்கள். இன்ஸ்பயரின் பதிவை அப்படியே எடுத்துக்கொண்டு, வேண்டுமானால் உங்கள் பத்துப் பெயர்களுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் ப்ளிண்டர்ன் வளாகத்து அறிவியல் நூலகத்தில் இயற்பியல் தெரிந்த இரண்டு பேரை அமர்த்தி, அந்தப் பதிவுகளில் உள்ள பிழைகளைத் திருத்தி இன்ஸ்பயருக்கே திருப்பி அனுப்பச் செய்யுங்கள்.